எல்லாரும் பார்த்து எழுதும்போது நான் மட்டும் ஏன்? – வாசகர் கேள்வி பதில்

இணையவழிப் படிப்பைப் பற்றியும், அதில் நடக்கும் காப்பியடிப்பைப் பற்றியும், அதைப் பிடித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களைப் பற்றியும் வந்த கடிதங்களிலிருந்து எட்டுக் கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறேன். எழுதியவர்களில் பெரும்பாலோர் பெயர் வேண்டாமென்று கேட்டுக்கொண்டதால் எவர் பெயரையும் வெளியிடவில்லை.

கேள்வி: எங்கள் கல்லூரியில், ஐஐடி உள்ளிட்ட நிறுவனங்கள் இணையவழியில் நடத்தும் என்பிடெல் பாடம் ஒன்றையாவது முடித்தாக வேண்டும். ஒவ்வொரு வாரமும் அசைன்மென்ட்டுக்கான விடைகள் கடைசித் தேதிக்கு முன்பே யூடியூபிலும் டெலிகிராமிலும் வந்துவிடுகின்றன. வகுப்பில் எல்லாரும் அதைப் பார்த்துக் குறித்துவிட்டு நூற்றுக்கு நூறு வாங்குகிறார்கள். வீடியோக்களைப் பார்த்து நானே போடுவதால் எனக்கு 60தான் வருகிறது. நான் ஏமாளியா?
– மூன்றாம் ஆண்டு பொறியியல் மாணவர், திருச்சி

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், உங்கள் மனக்குறையில் பாதி கணக்கைப் பற்றியது. என்பிடெல் பாடத்தில் வாராந்தர அசைன்மென்ட்டுகளுக்கு 25 மதிப்பெண், தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுதும் இறுதித் தேர்வுக்கு 75 மதிப்பெண். 12 வாரப் பாடமென்றால் நீங்கள் அதிக மதிப்பெண் பெற்ற 8 அசைன்மென்ட்டுகளின் சராசரி மட்டுமே கணக்கில் சேரும். சான்றிதழ் கிடைக்க வேண்டுமானால் அசைன்மென்ட்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 என இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். 60 விழுக்காடு எடுக்கும் உங்களுக்கு 25க்கு 15 கிடைக்கிறது. பார்த்துக் குறித்தவருக்கு முழுதாக 25 கிடைக்கிறது. ஆக, இடைவெளி 10 மதிப்பெண். மொத்தம் 90 எடுத்தால் தங்கம், 75 எடுத்தால் வெள்ளி என்று சான்றிதழைத் தரம் பிரிக்கிற முறையில், நன்றாகப் படிக்கும் ஒருவரை அந்த 10 மதிப்பெண் தங்கத்திலிருந்து வெள்ளிக்கு இறக்கிவிடக்கூடும். நேர்மையாக இருப்பதால் நட்டம் எதுவுமில்லை என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. உங்களுக்கு நட்டம் உண்டு. அதன் அளவு இவ்வளவுதான்.

எஞ்சிய 75 மதிப்பெண்ணையும் கைப்பேசியை வெளியே வைத்துவிட்டு, கணினி முன் தனியாக உட்கார்ந்து எடுத்தாக வேண்டும். அசைன்மென்ட் கேள்விகளையே மனப்பாடம் செய்து அதையும் ஒப்பேற்றிவிடலாம் என்று உங்கள் நண்பர்கள் நம்பலாம். வரையறைகளைக் கேட்கும் பாடங்களில் அது ஓரளவு பலிக்கவும் கூடும், எண்களை மாற்றிக் கணக்காகக் கேட்கும் பாடங்களில் பலிக்காது. போதாக்குறைக்கு, டெலிகிராமில் விடை போடுகிறவர்களே 'இவை உத்தேச விடைகள்தாம்' என்று ஓரத்தில் ஒரு வரி சேர்த்துக் கைகழுவிக்கொள்வதும் உண்டு. ஒருவர் தப்பாகக் குறித்தால் வகுப்பு முழுவதும் ஒரே தப்பைச் செய்வது அப்படித்தான்.

இது நம்மூரில் மட்டும் நடப்பதல்ல, நேற்று முளைத்ததும் அல்ல. ஹார்வர்டு, எம்ஐடி ஆகிய இரண்டு நிறுவனங்களும் நடத்திய 115 இணையவழிப் பாடங்களின் பதிவுகளை ஆய்வாளர்கள் 2015இல் அலசியபோது, ஒரே ஆள் இரண்டு கணக்குகளைத் தொடங்கி, ஒன்றில் கண்டபடி குறித்துச் சரியான விடையைத் தெரிந்துகொண்டு, மற்றொன்றில் அதைப் போட்டுச் சான்றிதழ் வாங்கிய வழக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். 1,237 சான்றிதழ்கள் இவ்வாறு பெறப்பட்டிருக்கலாம் என்பது அவர்களின் கணிப்பு. மொத்தத்தில் இது 1.3 விழுக்காடுதான், ஆனால் 20 சான்றிதழ்களுக்கு மேல் குவித்திருந்தவர்களை மட்டும் பார்த்தால் நான்கில் ஒருவர் இந்த வேலையைச் செய்திருந்தார். சான்றிதழைச் சேர்ப்பதே குறியாகிவிட்டவருக்குப் பாடம் ஓர் இடைஞ்சல்.

உங்கள் நண்பர்களைவிட உங்கள் கல்லூரியின்மீதே எனக்கு வருத்தம் அதிகம். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை, என்பிடெல் பாடங்களும் இடம்பெறும் மத்திய அரசின் சுயம் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் வழியாகப் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் வரம்பை உயர்த்தியது. அது நல்ல வாய்ப்பு. ஆனால் பாடத்தைக் கட்டாயமாக்கிவிட்டு, வாரத்துக்கு ஒரு மணி நேரம் மாணவர்களோடு உட்கார்ந்து 'மூன்றாம் கேள்விக்கு ஏன் இந்த விடை?' என்று கேட்க ஓர் ஆசிரியரைக்கூட ஒதுக்காத இடத்தில், டெலிகிராம் குழுதான் வகுப்பறை ஆகும். துறைத் தலைவரிடம் இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கெடு முடிந்தபின் என்பிடெல் தளத்திலேயே அதிகாரபூர்வ விடைகளும் விளக்கங்களும் வெளியாகும். உங்களுக்குத் தவறிய நான்கு கேள்விகளை மட்டும் எடுத்து, எங்கே சறுக்கியது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் படிக்க வேண்டியது அந்த வரிகளைத்தான். நூறு வாங்கியவரிடம் அப்படி ஒரு பட்டியல் இருக்காது.

கேள்வி: திருமணமாகிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு சேர்ந்திருக்கிறேன். அசைன்மென்ட் விடைகளை பிடிஎப் கோப்பாக விற்கிறார்கள். அதைப் பார்த்துக் கையால் எழுதினால் போதும், நாமே எழுதுவதால் அது காப்பி ஆகாது என்கிறாள் தோழி. ஆங்கிலத்தில் சொந்தமாக எழுத எனக்குத் தயக்கம். என்ன செய்யலாம்?
– இல்லத்தரசி, நாமக்கல்

பதில்: உங்கள் தோழி சொல்வதில் கை மட்டும்தான் உங்களுடையது. கையால் எழுத வேண்டும் என்ற விதி, எழுதும்போதாவது பாடம் மனத்தில் ஏறட்டும் என்ற எதிர்பார்ப்பில் வைக்கப்பட்டது. விலைக்கு வாங்கிய விடையைப் பார்த்து எழுதினால் விதியின் எழுத்து காப்பாற்றப்படும், நோக்கம் போய்விடும். இக்னோவின் பெரும்பாலான படிப்புகளில் அசைன்மென்ட்டுக்கு 30 விழுக்காடு, பருவத் தேர்வுக்கு 70 விழுக்காடு. அந்த 30 விழுக்காட்டை எண்ணாக மட்டும் பார்க்காதீர்கள். தொலைநிலைக் கல்வியில் உங்களுக்கென்று ஒரு வகுப்பறை இல்லை, முகம் தெரிந்த ஆசிரியர் இல்லை. விடைத்தாளைத் திருத்துபவர் ஓரத்தில் எழுதும் குறிப்புதான் அவர் உங்களிடம் நேரடியாகப் பேசும் ஒரே இடம். அந்தக் குறிப்பை எழுத வேண்டும் என்பது திருத்துபவரின் கடமையாகவே வைக்கப்பட்டுள்ளது. பிடிஎப் விற்றவரின் விடைக்கு எழுதப்படும் குறிப்பால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. நடைமுறையில் பல விடைத்தாள்கள் வெறும் 'டிக்' குறியோடு திரும்புகின்றன, சில திரும்புவதே இல்லை என்பதும் உண்மைதான். திரும்பாவிட்டால் கல்வி மையத்தில் கேளுங்கள். கேட்கிறவர்கள் குறைவாக இருப்பதால்தான் அது பழக்கமாகிவிட்டது.

ஆங்கிலத் தயக்கத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். கேள்வித்தாள் பல மாதங்களுக்கு முன்பே தளத்தில் வந்துவிடுகிறது. ஜூன் தேர்வுக்கு மார்ச் இறுதி, டிசம்பர் தேர்வுக்கு செப்டம்பர் இறுதி என்பது வழக்கமான கெடு, அதையும் பலமுறை நீட்டிக்கிறார்கள். ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, பாடநூலின் அந்த அலகைப் படித்து மூடிவைத்துவிட்டு, விடையைத் தமிழில் அரைப் பக்கம் எழுதுங்கள். உதாரணத்துக்கு, நிரந்தர நிலவரித் திட்டம் குறித்த கேள்வி என்றால், 1793இல் வங்காளத்தில் காரன்வாலிஸ் அதைக் கொண்டுவந்தபோது கம்பெனிக்கு என்ன லாபம், ஜமீன்தாருக்கு என்ன லாபம், உழுதவனுக்கு என்ன ஆனது என்று மூன்று பத்திகள் தமிழில் வந்துவிட்டால் விடை உங்கள் கையில் இருக்கிறது. பிறகு அதை எளிய ஆங்கிலத்தில் கொண்டுவாருங்கள். மொழிபெயர்ப்புச் செயலியிடமோ சாட்ஜிபிடியிடமோ ஒரு வாக்கியம் சரிதானா என்று கேட்பதை நான் காப்பி என்று சொல்லமாட்டேன்; கேள்வியையே அதனிடம் கொடுத்து விடையை வாங்குவதைச் சொல்வேன். உங்கள் ஆங்கிலம் பிடிஎப்பில் இருப்பதைவிடக் கரடுமுரடாகத்தான் இருக்கும். இருக்கட்டும், தேர்வறையில் உங்களோடு வரப்போவது அந்த ஆங்கிலம்தான்.

கேள்வி: நானே எழுதி இணையவழியில் சமர்ப்பித்த கட்டுரையை, '82 விழுக்காடு செயற்கை நுண்ணறிவு எழுதியது' என்று மென்பொருள் காட்டுகிறதாம். பேராசிரியர் சுழி போட்டுவிட்டார். சாட்ஜிபிடியை நான் திறக்கக்கூட இல்லை. எப்படி நிரூபிப்பது?
– முதுகலை மாணவி, சென்னை

பதில்: இரண்டு விதமான விழுக்காடுகள் இப்போது ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. பழைய ஒப்புமைச் சோதனை, உங்கள் வரி எந்த நூலிலோ தளத்திலோ இருக்கிறது என்று மூலத்தைக் காட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் சரிபார்க்கலாம். செயற்கை நுண்ணறிவைக் கண்டறிவதாகச் சொல்லும் கருவி அப்படி எந்த மூலத்தையும் காட்டுவதில்லை. ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்பதை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்பதையே அத்தகைய கருவிகள் முக்கியமாக அளக்கின்றன. ஊகிக்க எளிதாக இருந்தால் இயந்திரம் எழுதியது என்று கணிக்கின்றன. பள்ளியில் கற்ற வாக்கிய அமைப்பை விட்டு நகரப் பயந்து, 'இன் கன்க்ளூஷன்' என்று முடித்துப் பழகிய நம் பிள்ளைகளின் ஆங்கிலம் அந்த அளவுகோலில் மாட்டிக்கொள்வதில் வியப்பில்லை.

இது என் ஊகமன்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் இத்தகைய 7 கருவிகளை எடுத்து, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாக 61 விழுக்காடு கட்டுரைகளை இயந்திரம் எழுதியதாகக் கருவிகள் தவறாகச் சொல்லின. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளில் அதே கருவிகள் பெரும்பாலும் தவறவில்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. இயந்திரம் எழுதியவற்றில் 26 விழுக்காட்டைத்தான் அது பிடித்தது, மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டைத் தவறாகக் குற்றஞ்சாட்டியது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அதே ஆண்டு ஆகஸ்டில், கட்டுரைகளைச் சோதிக்கும் டர்னிட்டின் மென்பொருளில் செயற்கை நுண்ணறிவைக் கண்டறியும் வசதியை நிறுத்திவைத்தது. அவர்கள் சொன்ன காரணம் எளிய கணக்கு: 2022இல் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து டர்னிட்டினுக்குச் சென்ற கட்டுரைகள் 75,000. நூற்றில் ஒன்றுதான் பிழையாகும் என்று நிறுவனம் சொல்வதை அப்படியே ஏற்றாலும், குற்றம் செய்யாத 750 கட்டுரைகள் மாட்டியிருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை. கூகுள் டாக்ஸில் தட்டச்சு செய்திருந்தால், எந்த நாளில் எந்த மணிக்கு எந்தப் பத்தி சேர்ந்தது என்பதைக் காட்டும் திருத்த வரலாறு அதிலேயே இருக்கும்; வேர்டு கோப்பை இணையச் சேமிப்பில் வைத்திருந்தாலும் பழைய வடிவங்கள் கிடைக்கும். கைக்குறிப்பு, நூலகத்தில் எடுத்த நூலின் பதிவு, தோழியிடம் வாட்ஸ்அப்பில் கேட்ட சந்தேகம் எல்லாமே சான்றுகள்தாம். அவற்றைச் சேர்த்து, துறைத் தலைவருக்கு மரியாதையான ஒரு பக்கக் கடிதம் எழுதி, கட்டுரையைப் பற்றி உங்களை நேரில் வாய்மொழியாகக் கேட்கும்படி வேண்டுங்கள். பத்து நிமிடம் கேட்டால் எழுதியவர் யார் என்று பேராசிரியருக்கே தெரிந்துவிடும். எங்கேயாவது இலக்கணச் செயலி பயன்படுத்தியிருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 'மனிதர் எழுதியது போல் மாற்றித் தருகிறோம்' என்று விளம்பரம் செய்யும் தளங்களில் கட்டுரையைப் போட்டு விழுக்காட்டைக் குறைக்க முயலாதீர்கள். இல்லாத குற்றத்துக்கு நீங்களே சான்று தயாரித்துக் கொடுத்ததாகிவிடும்.

கேள்வி: என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஒப்புமை 23 விழுக்காடு காட்டுகிறது. பணம் கொடுத்தால் 10க்குக் கீழே இறக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
– ஆய்வாளர், மதுரை

பதில்: வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திச் சமர்ப்பிக்கச் சொல்வார்கள். 40க்கு மேல் 60 வரை ஓராண்டுக்குச் சமர்ப்பிக்கவே முடியாது. 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. ஆகவே நீங்கள் இருப்பது திருத்திக்கொள்ளக்கூடிய நிலையில்தான். அறிக்கையைத் திறந்து 23 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உரிய முறையில் மூலம் சுட்டிய மேற்கோள், நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, பொதுவான சட்டங்கள், சமன்பாடுகள் ஆகியவற்றை விலக்கிவிட்டே கணக்கிட வேண்டும் என்று அந்த விதிகளே சொல்கின்றன. தற்செயலாக ஒத்துப்போகும் 14 சொற்கள் வரையிலான தொடருக்கும் விலக்கு உண்டு. இவற்றை நீக்கியபின் எஞ்சுவது வழக்கமாக முன்னாய்வுகளைத் தொகுத்த இயலில்தான் குவிந்திருக்கும். அதை நீங்களே படித்து, நீங்களே திரும்ப எழுதலாம்.

பணம் வாங்கிக் குறைப்பவர்களில் பலர் செய்வது, ஒவ்வொரு சொல்லுக்கும் செயலி கொடுக்கும் வேறொரு சொல்லைப் போடுவது. இப்படி மாற்றிய கட்டுரைகளில் 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்' (போலிப் பிரக்ஞை) ஆகியிருந்ததை 2021இல் ஆய்வாளர் மூவர் வெளிக்கொணர்ந்தார்கள். அன்றுமுதல் அப்படிப்பட்ட சொற்களைத் தேடியே ஆய்வுக் கட்டுரைகளைப் பிடிக்கிறார்கள். ஒப்புமை குறையும், ஆய்வேடு கேலிக்கூத்தாகும்.

கேள்வி: கணினி அறிவியல் கற்பிக்கிறேன். வகுப்பில் 60 பேர். கூகுள் கிளாஸ்ரூமில் ப்ரோகிராம் கொடுத்தால் ஐந்தாறு பேர் எழுதுகிறார்கள், மற்றவர்கள் அதில் மாறிகளின் (வேரியபிள்) பெயர்களை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். இப்போது பாதிப் பேர் செயற்கை நுண்ணறிவிடம் வாங்கிவிடுகிறார்கள். பிடித்தால் சண்டை, விட்டால் மனம் உறுத்துகிறது.
– உதவிப் பேராசிரியை, கோயம்புத்தூர்

பதில்: பெயர் மாற்றிப் போடுகிறவர்களுக்குப் பழைய மருந்து ஒன்று இருக்கிறது. அலெக்ஸ் அய்கன் என்ற கணினி அறிவியல் பேராசிரியர் 1994இல் உருவாக்கிய 'மாஸ்' என்ற மென்பொருள், மாறிகளின் பெயர், இடைவெளி, கருத்துரை போன்ற மேற்பூச்சைப் பொருட்படுத்தாமல் நிரலின் (ப்ரோகிராமின்) கட்டமைப்பை ஒப்பிட்டு, எந்த இரண்டு நிரல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவை போலிருக்கின்றன என்று வரிசைப்படுத்தும். கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம். அது காட்டுவது ஒற்றுமையை மட்டுமே, காப்பியா என்று முடிவு செய்ய ஓர் ஆள் திறந்து பார்க்க வேண்டும் என்று அதன் தளமே எச்சரிக்கிறது. ஆனால் இயந்திரத்திடம் வாங்கிய நிரல்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருக்கலாம். அங்கே 'மாஸ்' கைவிரித்துவிடும். உங்களிடம் எஞ்சுவது வைவா என்ற வாய்மொழித் தேர்வுதான்.

60 பேருக்கும் ஐந்து நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம்; எந்தக் கால அட்டவணையிலும் அதற்கு இடமில்லை. ஒவ்வொரு லேப் வகுப்பிலும் பத்துப் பேரைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். யாருக்கு எப்போது வரும் என்று தெரியாதபோது எல்லாரும் தங்கள் நிரலை ஒருமுறையாவது படித்துவிட்டு வருவார்கள். கேள்வியும் வரையறையாக இருக்க வேண்டாம். பகா எண்ணைக் கண்டுபிடிக்கும் சாதாரண நிரலையே எடுத்துக்கொள்ளுங்கள். 'இதில் 1ஐக் கொடுத்தால் என்ன வரும்?' என்று கேளுங்கள். 'எண்ணின் வர்க்கமூலம் வரை மட்டும் வகுத்துப் பார்த்து நிறுத்திவிட்டாயே, அதற்கு மேல் ஏன் போகவில்லை?' என்று கேளுங்கள். சொந்தமாகப் போட்டவன் திணறினாலும் தாளை எடுத்து 36ஐ 4×9, 6×6 என்று ஜோடி ஜோடியாகப் பிரித்துக் காட்ட முயல்வான். வாங்கிப் போட்டவன், 'அப்படித்தான் மேடம் இருந்தது' என்பான். அந்தப் பதில் வந்ததும் சண்டைக்கே இடமில்லை. அடுத்த வாரம் விளக்கத்தோடு வரச் சொல்லி, அதுவரை மதிப்பெண்ணை நிறுத்திவையுங்கள். சாட்ஜிபிடியிடம் கேட்டாலும் பரவாயில்லை, புரிந்துகொண்டு வந்து சொல்லட்டும். பயத்தில் வாய் திறக்காத பிள்ளைகளும் உண்டு. அவர்களிடம் வாயால் கேட்காமல், நிரலில் ஒரு வரியை மாற்றி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

ஒன்றையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து, செய்யாத சோதனைக்கு அளவீடுகளை எழுதி, அவருடைய கூட்டல் பிழையையும் சேர்த்து எழுதி, நம்மிடமே பச்சை மையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன தலைமுறைகள் இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தன. கோடு நேராக இருக்கிறதா, படம் பென்சிலில் வரைந்திருக்கிறதா என்று பார்த்தோமே தவிர, 'இந்த அளவு எப்படி வந்தது?' என்று எத்தனை பேர் கேட்டோம்?

கேள்வி: என் மகன் வீட்டிலிருந்தே கேமரா முன் ஒரு சான்றிதழ்த் தேர்வு எழுதினான். எங்களுடையது ஓர் அறை கொண்ட வீடு. அவன் அம்மா பின்னால் நடந்ததற்கும், அவன் கண்ணை அங்கே இங்கே திருப்பியதற்கும் எச்சரிக்கை வந்து, முடிவை நிறுத்திவைத்துவிட்டார்கள்.
– ஒரு தந்தை, தூத்துக்குடி

பதில்: கேமரா மென்பொருள் கண்டுபிடிப்பது காப்பியை அல்ல, இன்னொரு முகம், இன்னொரு குரல், திரையை விட்டு விலகிய கண் ஆகியவற்றைக் குறித்துவைத்து, சந்தேகத்துக்குரியது என்று கொடி காட்டுகிறது. அந்தப் பதிவை ஓர் ஆள் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எனவே உடனே எழுத்து மூலம் மறுபரிசீலனை கேளுங்கள். எந்த நிமிடத்தில் என்ன குறிக்கப்பட்டது என்ற விவரத்தையும் கேளுங்கள். வீட்டின் அளவையும், அந்த நேரத்தில் யார் ஏன் குறுக்கே வந்தார்கள் என்பதையும் நேராக எழுதுங்கள்.

இயந்திரப் பதிவை மட்டும் நம்பியவர்கள் பெரிய இடங்களிலும் தலைகுனிந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டார்ட்மத் மருத்துவக் கல்லூரி 2021இல், தொலைவிலிருந்து எழுதிய தேர்வின்போது பாடக் குறிப்புகளைத் திறந்தார்கள் என்று 17 மாணவர்கள்மீது குற்றஞ்சாட்டியது. சான்று, பாடக் குறிப்புகள் வைக்கப்பட்டிருந்த கேன்வாஸ் என்ற இணையதளத்தின் பதிவுகள். மாணவர் தொடாவிட்டாலும், வேறொரு கருவியில் திறந்துகிடக்கும் பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்போது அதே போன்ற பதிவு விழும் என்று தெரியவந்தபின், ஜூன் மாதத்தில் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. தேர்வுக்கு முன் மாணவரின் அறையைக் கேமராவால் சுற்றிக் காட்டச் சொன்னது அரசியல் சட்டத்துக்கு முரணான சோதனை என்று ஒஹாயோ மாநிலத்தில் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று 2022இல் தீர்ப்பளித்தது. கிளீவ்லேண்ட் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தொடுத்த வழக்கு அது.

பாடம் இணையத்தில் இருக்கலாம், தேர்வு மையத்தில் இருக்க வேண்டும் என்பதே என் கட்சி. சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பில் வகுப்புகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம், முக்கியத் தேர்வுகளை மையத்தில்தான் எழுத வேண்டும். பயணச் செலவு உண்டு. ஆனால் தனியறை இல்லாத வீட்டுப் பிள்ளையும் மாடி வீட்டுப் பிள்ளையும் ஒரே மாதிரி நாற்காலியில் உட்காருகிறார்கள்.

கேள்வி: எம்.எஸ்சி. முடித்து வேலையில்லாமல் இருக்கிறேன். ஒரு நிறுவனம் மூலம் இங்கிலாந்து, ஆஸ்திரேலிய மாணவர்களுக்கு அசைன்மென்ட் எழுதிக் கொடுத்துச் சம்பாதிக்கிறேன். இது குற்றமா?
– பட்டதாரி, திருநெல்வேலி

பதில்: அந்த நாடுகளில் குற்றம். அயர்லாந்து 2019இலும், ஆஸ்திரேலியா 2020இலும், இங்கிலாந்து 2022இலும் காசுக்கு அசைன்மென்ட் எழுதிக் கொடுப்பதைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தன. ஆஸ்திரேலியச் சட்டத்தில் 2 ஆண்டுகள் வரை சிறைக்கு இடமுண்டு. எழுதுகிறவர் வெளிநாட்டில் இருந்தாலும் சட்டம் பொருந்தும். அதற்காகச் சிட்னியிலிருந்து போலீஸ் திருநெல்வேலிக்கு வந்து இறங்கப் போவதில்லை. மாணவர்தான் அங்கே மாட்டுவார். எழுதிக் கொடுத்த நிறுவனமே பிறகு 'பல்கலைக்கழகத்துக்குச் சொல்லிவிடுவோம்' என்று மிரட்டி அவரிடம் பணம் பறித்த நிகழ்வுகளும் உண்டு. அந்த நிறுவனத்தின் கணக்கில் உங்கள் பெயரும் வங்கி விவரமும் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

வேலையின்மையின் நெருக்கடியை நான் லேசாக நினைக்கவில்லை. உங்களுக்குத் தெரிந்த பாடத்தை எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாகச் சொல்லிக் கொடுக்க முடியும். இணையவழியில் மணிக்கணக்கில் டியூஷன் எடுப்பவர்களுக்குத் தேவை இருக்கிறது. தொடக்கத்தில் வருமானம் குறையும், ஆனால் இரண்டு ஆண்டு கழித்து வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதை அனுபவமாக எழுதலாம். இப்போது செய்வதை எந்த விண்ணப்பத்தில் எழுதுவீர்கள்?

கேள்வி: கல்லூரித் தேர்வில் காப்பியடித்தால் 10 ஆண்டு சிறை, 1 கோடி ரூபாய் அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கும்பகோணம்

பதில்: 2024ஆம் ஆண்டின் பொதுத் தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டத்தைத்தான் அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆண்டு ஜூன் 21 முதல் அது நடைமுறையில் உள்ளது. யுபிஎஸ்சி, எஸ்எஸ்சி, ரயில்வே தேர்வு வாரியங்கள், வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐபிபிஎஸ், என்டிஏ (தேசியத் தேர்வு முகமை) போன்ற அமைப்புகளும் மத்திய அரசுத் துறைகளும் நடத்தும் தேர்வுகளுக்கு அது பொருந்தும். வினாத்தாளைக் கசியவிடுதல் முதலிய முறைகேடுகளுக்கு 3 முதல் 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும், கும்பலாகத் திட்டமிட்டுச் செய்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. தேர்வெழுதும் மாணவரைத் தண்டிப்பது அதன் நோக்கமல்ல. அவர்மீதான நடவடிக்கையைத் தேர்வு நடத்தும் அமைப்பின் விதிகளுக்கே அது விட்டுவிடுகிறது. சுயம் தேர்வுகளில் ஒரு பகுதியை என்டிஏ நடத்துவதால் இணையவழிப் படிப்புக்கும் இந்தச் சட்டத்துக்கும் அந்த அளவில் தொடர்பு உண்டு. கல்லூரிப் பருவத் தேர்வுக்குச் செல்லுபடியாவது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் மால்பிராக்டிஸ் விதிகள்தாம். அவற்றின் நகலைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம்.